ஆறாம் கட்டிலில் ஒரு பரீட்சை

மாத்தளையில் நான் சத்திரசிகிச்சை நிபுணராக இருந்தபோது, மருத்துவ மாணவர்களின் பயிற்சி முடிகிற நாளில் வார்ட்டிலேயே பரீட்சை நடக்கும். சண்டைக் காலம். முந்தின நாள் முழுக்க ஆபரேஷன் தியேட்டரில் நின்றதில் கால் கடுத்தது. யாருக்கும் புள்ளி போடுகிற மனநிலை எனக்குச் சுத்தமாக இல்லை.

கடைசியாக வந்தவள் ஒரு சிங்களப் பெண். ஏற்கெனவே ஒருமுறை தவறியவள். இதிலும் தவறினால் ஆறு மாதம் பின்தங்கிவிடுவாள். அவளுக்குக் கொடுத்த நோயாளி, பித்தப்பை வீங்கி ஆறாம் கட்டிலில் படுத்திருந்த தேயிலைத் தோட்டத்து அம்மா. காலையில் நான் வயிற்றில் கை வைத்ததுமே, "ஐயோ, வலிக்குதுங்க" என்று கையைத் தள்ளிவிட்டவர்.

மாணவி உள்ளங்கையைத் தேய்த்துச் சூடாக்கிக்கொண்டாள். நான் சொல்லிக்கொடுத்தபடியே நோயாளியின் முகத்தைப் பார்த்துக்கொண்டு மெல்ல அமுக்கினாள்.

"அம்மா, வலிக்குதா?" பாடமாக்கிய தமிழ்.

"இல்லீங்க மிஸ்."

அந்த அம்மாவின் முகம் அசையவே இல்லை. கால்மாட்டில் நின்ற எனக்குத்தான், போர்வைக்கு வெளியே கால்விரல்கள் சுருண்டது தெரிந்தது.

"வலி இல்லை சேர்," என்றாள் அவள் என்னிடம்.

இவ்வளவு பெரிய வலியைக்கூடக் கண்டுபிடிக்காத ஒருத்தியை எப்படிப் பாஸாக விடுவது என்று எரிச்சலாக வந்தது. தவறியதாகவே எழுதிக் கையெழுத்துப் போட்டேன். கண்டியிலிருந்து வந்திருந்த மற்றப் பரீட்சகர், இருட்டி, வழியில் ராணுவ செக்பொயிண்டில் மறிபடுவதற்குள் போய்விட வேண்டும் என்று தாள்களை வாங்கிக்கொண்டு படியிறங்கினார். மாணவியும் போனாள்.

நான் அந்த அம்மாவிடம் திரும்பினேன். "காலையில வலிக்குதுன்னீங்க. அந்தப் பிள்ளைகிட்ட ஏன் இல்லைன்னு சொன்னீங்க?"

அவர் குரலைத் தாழ்த்தினார். "வலிக்குதுன்னா, அமுக்கத் தெரியலன்னு அந்தப் புள்ளைய பெயிலாக்கிடுவீங்கள்ல ஐயா. உங்கள விட்டா இங்க யாருங்க நம்ம பாஷையில கேக்குறாங்க? அந்தப் புள்ளதான் பாவம், கேட்டுச்சு. அதான் பொறுத்துக்கிட்டேன். பாஸாயிடும்ல?"

ஜன்னலுக்கு வெளியே பரீட்சகரின் ஜீப் இன்னும் நின்றுகொண்டிருந்தது. ஒரு சத்தம் போட்டால் போதும். தாளைத் திரும்ப வாங்க வேண்டும், அவருக்கு எல்லாவற்றையும் விளக்க வேண்டும், இன்னொரு நோயாளியைத் தேடிப் பிடித்து மறுபடியும் பரீட்சை வைக்க வேண்டும். நினைக்கவே அலுப்பாக இருந்தது.

"பாஸாயிடும்மா," என்று சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனேன்.