வியாழனின் நிலவுகளுக்குச் சேலை

எனக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கும். மைசூரில் ஒரு தனியார் பள்ளியில் இருபத்து நான்கு வருடமாக இயற்பியல் சொல்லிக்கொடுக்கிறேன். விடையில் அலகு எழுத மறந்தால் அரை மதிப்பெண்ணைக் கண்ணை மூடிக்கொண்டு வெட்டிவிடுவேன். வீட்டிலும் அப்படித்தான் என்பார் என் கணவர். அவர் இதே ஊரில் ஹெப்பாள் பக்கம் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்க்கிறார், எதற்கும் பதறாதவர். இரண்டு பேரும் பதறினால் குக்கரை யார் இறக்குவது என்பது அவர் கட்சி.

இப்படிப்பட்ட நான் வகுப்பில் சொல்கிற ஒரே நகைச்சுவை வியாழன் கிரகத்தைப் பற்றியது. வியாழனை ஐரோப்பியர்கள் ஜூபிடர் என்று தங்கள் பழைய தேவராஜனின் பெயரால் அழைக்கிறார்கள். அதைச் சுற்றும் நான்கு பெரிய நிலவுகள் அயோ, யூரோப்பா, கானிமீட், காலிஸ்டோ. நான்கும் அந்த தேவராஜன் ஆசைப்பட்டவர்களின் பெயர்கள். “காதலிகளையெல்லாம் கூடவே சுற்ற வைத்துக்கொண்டார். பெண்டாட்டி பெயர் மட்டும் பட்டியலில் இல்லை. கடைசியில் அவள் பெயரில் ஒரு விண்கலத்தை அனுப்பி வேவு பார்க்கிறார்கள்” என்பேன். வகுப்பு விழுந்து விழுந்து சிரிக்கும். கானிமீட் ஒரு சிறுவன் என்பதை அந்தச் சிரிப்பில் அப்படியே தாண்டிப் போய்விடுவேன். பழைய மாணவர்கள் கடைத்தெருவில் பார்த்தால் ஓம் விதியைக் கேட்க மாட்டார்கள், இதைத்தான் கேட்பார்கள்.

போன வருடம் பள்ளிக் கண்காட்சியில் நூலகத்துச் சுவர் ஒன்று எனக்குக் கிடைத்தது. நான்கு நிலவுகளின் புகைப்படங்கள், ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் அந்தக் கதையை வரைந்த பழைய ஐரோப்பிய ஓவியம் ஒன்று, கீழே கன்னடத்திலும் ஆங்கிலத்திலும் சின்ன விளக்கம் என்று முடிவு செய்தேன். இணையத்தில் தேடித் தேடி நான்கு ஓவியங்களை எடுத்தேன். அவற்றில் யார் மேலும் துணி அதிகம் இல்லை. கணவர் என் தோளுக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தார்.

“ஸ்கூல் செவுத்துல இதையா மாட்டப் போறே?”

“இது கலைங்க.”

“கலைக்குக் குளிராதா?” என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார்.

தலைமை ஆசிரியை படங்களைப் பார்க்காமலே சரி என்று சொல்லியிருந்தார். அறிவியல் என்றால் அவர் எதையும் பார்ப்பதில்லை. அது எனக்கு வசதியாகப் போயிற்று. ஒரு வாரம் உட்கார்ந்து விளக்கங்களை எழுதினேன். நான்கு வரியில் நகைச்சுவைக்கு இடமில்லாததால் கதையை உள்ளபடியே எழுத வேண்டியிருந்தது. அயோவை ஜூபிடர் மேகமாக வந்து பிடித்தான்; மனைவிக்குத் தெரியாமலிருக்க அவளைப் பசுவாக்கினான். கடற்கரையில் பூப்பறித்துக்கொண்டிருந்த யூரோப்பாவைக் காளை உருவில் வந்து தூக்கிப் போனான். அவளைத் தேடிப் போன அண்ணனுக்கு அவள் கிடைக்கவேயில்லை. கானிமீடைக் கழுகு தூக்கிச் சென்றது. காலிஸ்டோவிடம் அவள் நம்பிய தெய்வத்தின் வேடத்தில் வந்தான். ஒன்பதாம் மாதத்தில் குளத்தில் குளிக்கும்போது தோழிகளுக்குத் தெரிந்துவிட்டது, அவளைத் துரத்திவிட்டார்கள். எல்லாவற்றையும் அக்ரஹாரத்துப் பக்கம் ஒரு ஃபிளக்ஸ் கடைக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். தலைவர் பிறந்தநாள், கோயில் உற்சவம், ஜவுளிக்கடைத் தள்ளுபடி என்று ஊரில் பாதிப் பலகைகள் அந்தக் கடையில்தான் அடிக்கப்படுகின்றன.

கண்காட்சிக்கு முந்தின நாள் மாலை கணவரின் ஸ்கூட்டரில் போய் இறங்கினேன். கடை முதலாளி ஃபிளக்ஸைத் தரையில் விரித்தார்.

நான்கு ஓவியங்களிலும் எல்லோரும் சேலை கட்டியிருந்தார்கள்.

சாம்பல் மேகம் அணைத்துக்கொண்டிருந்த அயோவுக்குக் கருநீல மைசூர் பட்டு, முழங்கை வரை ரவிக்கை. காளை மேல் சாய்ந்திருந்த யூரோப்பாவுக்கு மாம்பழ மஞ்சளில் அரக்குக் கரை வைத்த புடவை. கானிமீட் ஓவியத்தில் கழுகின் பிடியில் ஒரு கொழுகொழு குழந்தை அலறும். அதன் இடுப்பில் சரிகை வேட்டி ஏறியிருந்தது, அழுகை மட்டும் அப்படியே. காலிஸ்டோ ஓவியத்தில் குளத்தருகே நின்ற ஏழெட்டுப் பெண்களுக்கும் ஆளுக்கொரு நிறம். தீபாவளிக்கு முந்தின வாரத்து ஜவுளிக்கடை வாசல் மாதிரி இருந்தது. நடுவில் வயிறு தெரிய நிற்கிற காலிஸ்டோவின் இரண்டு கைகளிலும் முழங்கை வரை பச்சைக் கண்ணாடி வளையல்கள்.

நான் கத்தினேன். கன்னடத்தில் ஆரம்பித்து, ஆங்கிலத்துக்குப் போய், கடைசியில் தமிழில் முடித்தேன். நானூறு ஐந்நூறு வருடத்து ஓவியத்தில் கைவைக்க யார் உங்களுக்கு உரிமை கொடுத்தது என்று கேட்டேன். முதலாளிக்கே விஷயம் அப்போதுதான் தெரிந்தது போலிருந்தது. உள்ளே பார்த்துக் கூப்பிட்டார். கம்ப்யூட்டர் முன்னாலிருந்து ஒரு பெண் எழுந்து வந்தாள். நாற்பது வயதிருக்கும், தமிழ்நாட்டு எல்லையோரம் ஹனூர்ப் பக்கத்துக்காரி. அந்தக் கடையின் டிசைனர் அவள்தான்.

முதலாளி என்னிடம் மன்னிப்புக் கேட்டார். எட்டு மணிக்குள் பழைய படங்களையே அடித்துத் தருவதாகச் சொன்னார். பிறகு அவளிடம் திரும்பி, திங்கட்கிழமையிலிருந்து வர வேண்டாம் என்றார். அவ்வளவு சீக்கிரம் அது நடக்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

“பிள்ளைங்க ரெண்டும் இந்த ஊர்லதான் படிக்குதுங்க சார்” என்று கன்னடத்தில் ஒரே ஒரு முறை சொன்னாள். அதற்கு மேல் கெஞ்சவில்லை.

எனக்கு ஆத்திரம் அடங்கவில்லை. “யாரைக் கேட்டு இப்படிப் பண்ணீங்க?” என்றேன். நான் தமிழில் கேட்டதும் அவளும் தமிழுக்கு வந்தாள்.

“யாரையும் கேக்கலீங்க மேடம். நீங்க எழுதுனதப் படிச்சுப்போட்டுத்தான் பண்ணுனனுங்க.”

“அதுல சேலை கட்டச் சொல்லி எழுதியிருந்தேனா?”

“இல்லீங்க. அந்தப் புள்ளைகளை அவன் ஏமாத்தித் தூக்கிட்டுப் போனான்னு எழுதியிருந்தீங்க. தூக்கிட்டுப் போன புள்ளைய இப்பிடித் துணியில்லாம ஊரே பாக்கற மாதிரி நிறுத்தலாமுங்களா? நம்மகிட்டத்தான் ஜவுளிக்கடை விளம்பரத்துக்கு வெச்ச சேலை அத்தனை கெடக்குதுங்களே, எடுத்துக் கட்டியுட்டனுங்க.”

“வளையல்?”

அவள் குனிந்து காலிஸ்டோவின் தோழிகளைக் காட்டினாள். ஓவியத்தில் அவர்கள் அவள் ஆடையைப் பிடித்து இழுக்கிறார்கள். ஒருத்தி அவள் கையைப் பற்றியிருக்கிறாள். “மாசமா இருக்கறவளத் தொரத்தியுட்டாங்கன்னு போட்டிருந்துச்சுங்க. மனசு கேக்கலை. சுத்தி இத்தனை பொண்ணுக நிக்குதுக, ஒருத்தி கையப் புடிச்சிருக்கறா. வளையலப் போட்டுட்டா வளைகாப்பு ஆயிருமுங்களே.”

அந்த நான்கு வரியை எழுதியவள் நான். எழுதியதைப் படித்தவள் அவள். வருடா வருடம் நாற்பது பிள்ளைகளோடு சேர்ந்து நான் இவர்களைப் பார்த்துச் சிரித்திருக்கிறேன். உண்மையாகவே வெட்கமாக இருந்தது. அந்த நகைச்சுவையை அதற்குப் பிறகு வகுப்பில் சொல்லவில்லை.

வாசலில் நின்றிருந்த கணவர் அப்போதுதான் உள்ளே வந்து தரையைப் பார்த்தார். சிரிப்பை அடக்க அவர் பட்ட பாடு பெரிது.

“நம்ம சர்ச்சுல செப்டம்பர் திருவிழாவுல மாதாவுக்குப் பட்டுச் சேலை கட்டுறப்ப நீதானே முன்னாடி நின்னு மடிப்பு எடுத்து விடுவே. அவங்க மட்டும் என்ன, நம்ம நஞ்சன்கூடு ஊர்க்காரங்களா?”

நான் அவரை முறைத்தேன். மாற்றிய ஓவியத்தை ஓவியம் என்று பிள்ளைகளுக்குக் காட்டுவது பொய். அலகில்லாத விடைக்கு வெட்டுகிறவளால் அதைச் செய்ய முடியாது. பழைய படத்தை அடித்து வாங்கிப் போனால் இந்தப் பெண்ணுக்கு வேலை போய்விடும். யோசித்து, இதையே எடுத்துக்கொள்கிறேன், அவளை நிறுத்த வேண்டாம் என்று முதலாளியிடம் சொல்லிவிட்டு, அடியில் ஒரு வரி மட்டும் சேர்க்கச் சொன்னேன்: ஓவியங்கள் பழைய ஐரோப்பியருடையவை; சேலைகள் எங்கள் ஊருடையவை. அவள் பத்து நிமிடத்தில் அடித்து ஒட்டிக் கொடுத்தாள். எழுத்து கொஞ்சம் பொடியாகத்தான் இருந்தது.

முதலாளிக்கு அப்போதும் பயம் தெளியவில்லை. பள்ளியிலிருந்து ஒரு புகார் வந்தால் ஊரில் தன் பெயர் என்ன ஆவது என்றார். “நாளைக்கு நானே இவளைக் கூட்டிக்கொண்டு வருகிறேன், மேடம். உங்கள் தலைமை ஆசிரியை என்ன சொல்கிறார் என்று இவளும் நின்று கேட்கட்டும். அதன் பிறகு திங்கட்கிழமையைப் பற்றிப் பேசலாம்” என்றார். அந்தப் பெண் தலையை ஆட்டிவிட்டு உள்ளே போய் உட்கார்ந்துகொண்டாள்.

சனிக்கிழமை காலை பத்து மணிக்கெல்லாம் நூலகத்துச் சுவர் முன்னால் நல்ல கூட்டம். என் இத்தனை வருடக் கண்காட்சி வாழ்க்கையில் மின்காந்தத்துக்கோ ஒளிவிலகலுக்கோ அப்படி ஒரு கூட்டம் வந்ததில்லை. ஓர் அம்மா யூரோப்பாவின் மஞ்சள் புடவை எந்தக் கடையில் கிடைக்கும் என்று என்னிடமே கேட்டார். இரண்டாம் வகுப்புப் பெண் ஒருத்தி, கருடன் மேல் போகும்போது குட்டிக் கிருஷ்ணன் ஏன் அழுகிறான் என்றாள். பொடி எழுத்தில் இருந்த அந்த வரியை ஒருவரும் படிக்கவில்லை. அது எனக்கு உறுத்தலாக இருந்தாலும், எல்லோருக்கும் பிடித்துப்போனதில் சந்தோஷமாகவும் இருந்தது. கடை முதலாளி அலமாரி ஓரமாக நின்றிருந்தார். அவருக்கு இரண்டடி தள்ளி அவள் நின்றாள்.

பதினொரு மணிக்குத் தலைமை ஆசிரியை சிறப்பு விருந்தினரை அழைத்து வந்தார். அவர் ஓய்வுபெற்ற மகப்பேறு மருத்துவர், எண்பது வயதுப் பெண்மணி. ஊரில் பாதிப் பேரை வெளியே எடுத்துப் போட்டவர் என்று தலைமை ஆசிரியை வரவேற்புரையில் சொல்லியிருந்தார். அந்த அம்மா நேரே யூரோப்பா முன்னால் வந்து நின்றார். பட்டுச் சேலை, காளை வாகனம். கைத்தடியைச் சுவரில் சாய்த்தார், செருப்பைக் கழற்றி ஓரமாக விட்டார், இரண்டு கைகளையும் கூப்பிக் கண்ணை மூடினார்.

பின்னால் நின்ற இரண்டு பெற்றோர்களும் செருப்பைக் கழற்றினார்கள். தலைமை ஆசிரியைக்கு முகமெல்லாம் மலர்ச்சி. அறிவியலில் பக்தியையும் சேர்த்துவிட்டேன் என்று நினைத்திருப்பார். “மேடம், இது எந்த அம்மன் என்று டாக்டருக்குச் சொல்லுங்கள்” என்றார் என்னிடம்.

கடை முதலாளி என்னையே பார்த்தார். ஏதாவது ஓர் அம்மன் பெயரைச் சொன்னால் போதும். தலைமை ஆசிரியைக்குத் திருப்தி, முதலாளிக்கு நிம்மதி, அந்தப் பெண்ணுக்கு வேலை. உண்மையைச் சொன்னால், கும்பிட வைத்து ஏமாற்றிவிட்டதாகப் பள்ளியே கொதிக்கும். இருபத்து நான்கு வருடத்தில் முதல் முறையாக ஒரு தவறான விடையைச் சொல்லத் தயாரானேன். “அது வந்து, டாக்டர்…” என்று இழுத்தேன்.

“சாமியில்லீங்கம்மா” என்றது ஒரு குரல்.

அவள்தான். அலமாரி ஓரத்திலிருந்து முன்னால் வந்துவிட்டாள். கன்னடத்தில் நிதானமாகச் சொன்னாள். இது யூரோப்பா என்று ஒரு பெண். பூப்பறித்துக்கொண்டிருந்தவளைக் காளை வேடத்தில் வந்தவன் தூக்கிக்கொண்டு போய்விட்டான். அண்ணன் ஊர் ஊராகத் தேடியும் கிடைக்கவில்லை. படத்தில் துணியில்லாமல் இருந்தாள், நான்தான் சேலை கட்டிவிட்டேன், மேடம் மேல் தப்பில்லை என்றாள்.

தலைமை ஆசிரியையின் முகம் சுருங்கிவிட்டது. முதலாளி தரையைப் பார்த்தார். செருப்பைக் கழற்றிய பெற்றோர்கள் அசடு வழிய மறுபடி மாட்டிக்கொண்டார்கள். தலைமை ஆசிரியை அவசரமாகக் குனிந்து டாக்டரின் செருப்பை எடுத்து அவர் கால் பக்கம் வைத்தார். “மன்னியுங்கள் டாக்டர், அம்மன் இல்லையாம். போட்டுக்கொள்ளுங்கள்.”

டாக்டர் அந்தப் பெண்ணைப் பார்த்தார், யூரோப்பாவைப் பார்த்தார். “இரலி பிடி” என்றார். இருக்கட்டும் விடு என்று அர்த்தம். செருப்பைத் தொடாமல், வெறுங்காலோடு தடியை ஊன்றி அயோவிடம் நகர்ந்தார். கண்ணாடியை ஏற்றிக்கொண்டு கன்னட விளக்கம் முழுவதையும் படித்தார். அழுகிற குழந்தை முன்னால் கொஞ்ச நேரம் நின்றார். கடைசியாகக் காலிஸ்டோவிடம் வந்து, அவள் வளையல்களை விரலால் தொட்டுப் பார்த்தார்.

“இது எத்தனையாவது மாதம்?” என்று அந்தப் பெண்ணைக் கேட்டார்.

“ஒன்பதுங்கம்மா.”

“அப்படியென்றால் வயிற்றுக்கு மேல் சேலை இவ்வளவு இறுக்கமாக இருக்கக் கூடாது. மூச்சு முட்டும். தளர்த்திவிடு.”

“சரிங்கம்மா. திங்கட்கிழமை தளர்த்திவிடுகிறேன்” என்று சொன்ன பிறகுதான் தான் என்ன சொன்னோம் என்பது அவளுக்கு உறைத்தது. மெல்லத் திரும்பி முதலாளியைப் பார்த்தாள்.

அவர் டாக்டரின் வெறுங்கால்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். “ஒன்பது மணிக்கு வந்துவிடு” என்றார்.