யோகன் அண்ணையின் மூன்று செடிகள்

போன வாரம் பேர்லின் நொய்கெல்னில், பாத்திரம் கழுவிய உணவகத்தை விட்டுவிட்டுப் பையோடு நடந்துகொண்டிருந்தேன். சண்டை ஒன்றுமில்லை, ஓரிடத்தில் தரிக்காத கால் என்னுடையது. தரைமாடிப் பால்கனி ஒன்றிலிருந்து அந்த வாசனை வந்தது, பிசினும் எலுமிச்சைத் தோலும் கலந்தது போல. மூன்று கஞ்சாச் செடிகள். பூவின் வெள்ளை மயிர்கள் பழுப்பாகிச் சுருண்டிருந்தன. ‘வெட்ட இன்னும் நாலைந்து நாள்’ என்று வாய் தானாகச் சொன்னது. இந்த அறிவு எனக்கு வந்த விதம் பெருமைப்படும்படியானதல்ல.

வீட்டில் மூன்று செடி வளர்க்கலாம் என்று சட்டம் வந்த வருடம், எசன் நகரில் யோகன் அண்ணை வீட்டு சோபாவில்தான் என் படுக்கை. அண்ணைக்குப் பள்ளிக்கூடம் ஒன்றில் துப்புரவு வேலை. இடுப்பிலிருந்து குதிகால்வரை நரம்பு வலி. வலிக்கு விழுங்கிய குளிசைகள் வயிற்றைப் புண்ணாக்கின. யாரோ கொடுத்த கொஞ்சக் கஞ்சாவில்தான் சில நாள் நித்திரை கொண்டார். அதனால் பால்கனியில் மூன்று சாடிகளில் செடி வைத்தார், வரப்போகும் குளிர்காலத்துக்கு. செப்டெம்பரில் ‘கூர்’ என்று இங்கே சொல்லும் ஓய்வுச் சிகிச்சைக்கு மூன்று கிழமை போனபோது, ஒரு சின்ன உருப்பெருக்கிக் கண்ணாடியை என் கையில் வைத்தார்.

“இதாலை பார். சின்னச் சின்னத் துளியள் தெரியும். இப்ப தண்ணி மாதிரி. பால் மாதிரி வந்தாத்தான் வெட்டலாம். வந்தா எனக்குப் போன் அடி.”

“அண்ணை, நான் புகையிலைத் தோட்டத்திலை வளந்தவன். எனக்குப் பாடமெடுக்காதேங்கோ.”

“அதுதான்ரா பயமாக் கிடக்கு.”

புகையிலை பூத்தால் முறித்துவிட வேண்டும். விட்டால் சத்து பூவுக்குப் போய்விடும், இலை தடிக்காது. எட்டாம் வகுப்போடு நின்ற எனக்கு நிச்சயமாகத் தெரிந்த ஒன்றிரண்டில் இது ஒன்று. அண்ணை போன மூன்றாம் நாள் அத்தனை பூங்கொத்தையும் ஒடித்துக் குப்பையில் போட்டேன். வெள்ளிக்கிழமை வண்டி வந்து அள்ளிப்போனது. விரல் பிசின்தான் கழுவக் கழுவப் போகவில்லை. பிறகு தினமும் கண்ணாடி வைத்து இலைகளைப் பார்த்தேன், ஏதோ விஞ்ஞானி மாதிரி.

அண்ணை வந்ததும் சப்பாத்தைக் கழற்றாமலே பால்கனிக்குப் போனார்.

“பூ எங்கை?”

“முறிச்சிட்டன் அண்ணை. இலையைப் பாருங்கோ, என்ன வடிவு!”

“இலையை வைச்சு நான் சுருட்டே சுத்துறது? மருந்து பூவிலையடா!”

அவர் மனைவி, நான் அக்கா என்று கூப்பிடுபவர், எட்டிப் பார்த்தார். “நல்லது. கோயிலாலை வாற சனம் இனி மூக்கைப் பொத்தாது.”

அண்ணை சிரிக்கத்தான் பார்த்தார். ரயிலில் நெடுநேரம் உட்கார்ந்து வந்ததில் வலி திரும்பியிருந்தது. கதிரையில் உட்காரவே அரை நிமிடம் எடுத்தது. அவருடைய குளிர்காலத்தை நான் குப்பை வண்டியில் ஏற்றியிருந்தேன்.

இப்போது அந்த வீட்டில் வேறு ஆட்கள். அண்ணையும் அக்காவும் ஆஹென் நகரில் மகளோடு. போன் எடுத்தால் “சுகமா இருக்கிறன்” என்பார்.

அவர் வேலைக்குத் திரும்ப வேண்டிய நாள், சிகிச்சை முடிந்து வந்து பூவைத் தேடிய நாளுக்கு மறுநாள். காலையில் கட்டிலை விட்டு இறங்க அவரால் ஏலவில்லை. “ஒரு கிழமைக்கு அவருக்குப் பதிலா வேலைக்கு நீ போ தம்பி” என்றார் அக்கா, வேறு பக்கம் பார்த்தபடி. ஐந்தரைக்கு நான் பள்ளிக்கூடத்தில் நின்றேன். அண்ணையின் பெயர் ஒட்டிய வாளியில் தண்ணீர் பிடித்து, முதல் வகுப்பறையைத் துடைக்கத் தொடங்கினேன். அந்த வேலையில் நின்ற கடைசி நாள்வரை அந்தப் பெயரை நான் கிழிக்கவில்லை.