பொது என்று நான் சொன்ன கல்லறை

பேய், ஆவி என்று யாராவது கதையைத் தொடங்கினால் தேத்தண்ணிக் கோப்பையைத் தூக்கிக்கொண்டு குசினிப் பக்கம் போய்விடுகிற ஆள் நான். எனக்குத் தொழிலே கல்லறை கழுவுவதுதான். நோபல் பார்க்கில் விடிய வான் வண்டியை எடுத்தால் பொழுதுபடும்வரை மெல்பேர்னின் ஏதாவது ஒரு சேமக்காலையில் தூரிகையும் வாளியுமாக நிற்பேன், பெரும்பாலும் தனியாக. ஆவி என்று ஒன்று இருந்தால் இத்தனை வருஷத்தில் ஒன்றாவது வந்து எனக்கு ஒரு குட் மோர்னிங் சொல்லியிருக்க வேண்டாமா? நான் கண்டதெல்லாம் பாசி, பறவை எச்சம், பிளாஸ்டிக் பூ.

அதனால் இதைக் கேட்டுவிட்டு இவனுக்கும் மூளை தட்டிவிட்டது என்று நீங்கள் நினைக்கலாம். நினையுங்கள். இரவு, இருட்டு, நாய் ஊளை ஒன்றும் இந்தக் கதையில் இல்லை, நடந்தது பட்டப்பகலில், வடக்குக் காற்று அனலாக வீசிக்கொண்டிருந்த ஒரு மத்தியானத்தில். பக்கத்தில் இன்னொரு ஆளும் இருந்தார், அவரும் கண்டார். அவரைக் கேட்டுப் பாருங்கள் என்று சொல்ல இன்றைக்கு வழியில்லை, அதுதான் என் கஷ்டம்.

நாங்கள் கழுவுகிற இடங்களில் ஒரு பழைய சேமக்காலை இருக்கிறது, பேர் வேண்டாம். அதன் ஒரு மூலையில் கருங்கல்லால் கட்டிய சின்ன அறை, வீட்டுக் கராஜைவிடச் சிறியது, முன்னால் இரும்புக் கம்பிக் கதவு. தொழிற்சங்கங்கள் சேர்ந்து கட்டிய கல்லறை அது. யுத்தத்துக்குப் போய்ப் பேர் எடுத்தவர்கள், துறைமுகத்திலும் ரயில்வேயிலும் வேலைநிறுத்தம் நடத்தி மறியலில் அடைபட்டவர்கள், தையல் ஆலைகளில் பெண்களைத் திரட்டியவர்கள், எல்லோரும் ஒன்றாக உள்ளே கிடக்கிறார்கள். கதவுக்கு மேலே கல்லில் ஒரு வரி வெட்டியிருக்கிறது, தமிழில் சொன்னால் 'இங்கே எவரும் தனியாக இல்லை' என்று வரும். நவம்பரில் சங்கத்து ஆட்கள் மலர்வளையத்தோடு வருவார்கள். அதற்கு முன் கழுவிக் கொடுப்பது எங்கள் வேலை. கதவுச் சாவி, நாங்கள் திறப்பு என்போம், சுப்பவைசர் நிக்கோவிடம்தான் இருக்கும், கிரேக்கக் கிழவர், திறப்பைத் தன் இடுப்பை விட்டு இறக்கமாட்டார். புதிதாக யாரையும் இதற்குள் வைப்பார்களா என்று ஒருநாள் கேட்டேன். சங்கத்து அங்கத்தவர் மட்டும், உனக்கு இடமில்லை என்று சொல்லிச் சிரித்தார், நானும் சிரித்தேன்.

இனி என் மச்சாளைப் பற்றிச் சொல்லவேண்டும். திரேசா மச்சாள், என் மூத்த அண்ணா சூசையின் பெண்சாதி. எங்கள் ஊர் மன்னார்ப் பக்கம், குடும்பம் முழுக்க உப்பளத்தில் வேலை செய்த குடும்பம். அண்ணாதான் உப்பளத்தில் சங்கம் கட்டினவர். சின்ன வயதில் உப்பு வண்டிச் சில்லு ஏறி அவருடைய இடது காலில் சின்ன விரல் போய்விட்டது, அதைக் காட்டியே கூட்டத்தில் பேசுவார், முதலாளி இதற்கு ஒரு மருந்துத் துணிகூடத் தரவில்லை என்று. சண்டையின் கடைசி மாதங்களில் சங்கத்துப் பெடியன்கள் இரண்டு பேரைக் காணவில்லை என்று தேடிக்கொண்டு சைக்கிளில் போனார். வாசலில் நின்று “போட்டு வாறன்” என்று சொன்னாராம். வரவில்லை. உடலும் இல்லை, சைக்கிளும் இல்லை.

மச்சாள் அவருடைய படத்தைப் பிடித்துக்கொண்டு வெயிலிலும் மழையிலும் றோட்டோரம் நின்றார், காணாமல் போனவர்களைக் கேட்டு நின்ற மற்றப் பெண்களோடு, வருஷக் கணக்காக. பிறகு மகள் ஜெனி ஸ்பொன்சர் பண்ணி, மெல்பேர்னில் தான் இருக்கிற வெரிபீக்குக் கூப்பிட்டாள். இங்கே வந்தும் ஒரு விஷயத்தில் மச்சாள் அசையவில்லை. எங்கள் ஊரில் மரித்த ஆன்மாக்கள் நாளன்று அவரவர் தங்கள் ஆட்களின் கல்லறையில் மெழுகுதிரி கொளுத்துவோம். கடலில் போனவர்கள், உடல் கிடைக்காதவர்கள், கல்லறை இல்லாத எல்லோருக்கும் சேமக்காலை நடுவில் நிற்கிற பெரிய சிலுவையடியில் கொளுத்துவது வழக்கம், நடுச்சிலுவை என்போம். மச்சாள் அண்ணாவுக்கு ஒருநாளும் கொளுத்தினதில்லை. அப்பாவின் ஆன்மாவுக்கு ஒரு பூசை ஒப்புக்கொடுப்போம் என்று ஜெனி கேட்டால், உயிரோடு இருக்கிற மனுஷனுக்கு என்னத்துக்கு என்று சொல்லிவிட்டு எழும்பிப் போய்விடுவார். அவருக்கு மெழுகுதிரி கொளுத்துவதும் அண்ணாவைத் தன் கையால் மண்ணுக்குள் வைப்பதும் ஒன்று.

பிறகு மச்சாளுக்கு வயிற்றில் புற்றுநோய் என்றார்கள். ஆஸ்பத்திரியில் வெட்டிப் பார்த்துவிட்டு மூடி, வீட்டுக்குக் கூட்டிப்போங்கள் என்று சொல்லிவிட்டார்கள். நான் பார்க்கப் போனபோது ஜெனி வேலைக்குப் போயிருந்தாள். மச்சாள் ஜன்னலோரக் கதிரையில் இருந்தார், பாதி ஆளாகிப் போயிருந்தார்.

“தம்பி, நான் போனாப் பிறகு உங்கட அண்ணாவை ஆர் பாத்துக்கொண்டிருக்கப் போயினம்?” என்றார்.

நான் அவருடைய காலடியில் சரிந்து கிடந்த போர்வையை எடுத்து மடியில் போட்டுவிட்டேன்.

“பிள்ளைக்கு அவற்ற முகமே மட்டுமட்டாத்தான் ஞாபகம். இவரை ஒரு இடத்தில விட்டிட்டுத்தான் நான் போகவேணும். நீங்கள் வேலை செய்யிற இடத்தில நடுச்சிலுவை இருக்கோ?”

இந்த ஊர்ச் சேமக்காலைகளில் நடு என்று ஒன்று இல்லை, கத்தோலிக்கர் ஒரு பக்கம், மற்றச் சபைக்காரர் ஒரு பக்கம், சீனர் ஒரு பக்கம், நடுவில் தார் றோட்டு. அதைச் சொன்னேன். மச்சாளின் முகம் விழுந்ததைப் பார்க்கச் சகிக்காமல் அந்தக் கருங்கல் கல்லறையைப் பற்றிச் சொன்னேன், யுத்தத்துக்குப் போனவர்களும் சங்கத்து ஆட்களும் ஒன்றாக இருக்கிற பொதுக் கல்லறை என்று.

“பொதுவோ? அப்ப ஆருக்கும் கொளுத்தலாமோ?”

“ஓம் மச்சாள், பொதுதான்” என்றேன்.

அந்த இடத்திலேயே திருத்தியிருக்கலாம். ஒரு கூட்டத்துக்குப் பொது என்பது வேறு, எல்லோருக்கும் பொது என்பது வேறு, ஆனால் தமிழில் இரண்டுக்கும் ஒரே சொல்தானே. போகப்போகிற மனுஷியிடம் அகராதி விரித்துக்கொண்டிருக்க எனக்கு மனம் வரவில்லை.

நவம்பர் தொடங்கியதும் மச்சாளை வானில் கூட்டிக்கொண்டு போனேன். அதற்கு முதல்நாள்தான் நிக்கோ கதவைத் திறந்துவிட, உள்தரையை வெறும் தண்ணீரால் நானே தேய்த்துக் கழுவினேன், பழைய கல்லுக்கு மருந்து போடக்கூடாது. பிறகு அவர் பூட்டிவிட்டுத் திறப்பை இடுப்பில் செருகியதையும் பார்த்தேன். இதை ஏன் இவ்வளவு விபரமாகச் சொல்கிறேன் என்றால், நீங்கள் கடைசியில் இதைத்தான் கேட்பீர்கள்.

மச்சாள் என் கையைப் பிடித்துக்கொண்டு மெல்ல மெல்ல நடந்து வந்தார். மேலே என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டார், சொன்னேன், தலையாட்டினார். கண்ணாடிக் குவளைக்குள் இருந்த மெழுகுதிரியைக் கதவடிப் படியில் வைத்து, தானே கொளுத்தினார். சிலுவை அடையாளம் போட்டார். பிறகு கம்பிக்குள்ளே பார்த்து, குசினியிலிருந்து மனுஷனோடு கதைக்கிற குரலில் சொன்னார்.

“இஞ்ச இருங்கோ. இனி நான் உங்களைத் தேட மாட்டன். என்னால ஏலாது.”

அழுவதைக் காட்டக்கூடாதென்று குனிந்து தரையைப் பார்த்தேன். கழுவின கல் உலர்ந்து கறுப்பாகக் கிடந்தது. கம்பிக் கதவுக்கு அந்தப் பக்கம், படிக்குக் கிட்ட, கொஞ்சம் வெளிறியது. பழைய கல்லில் உப்புப் பூப்பது எனக்குப் புதிதில்லை, ஈரம் உள்ளே இருந்தால் காய்கிறபோது வெள்ளையாக வெளியே வரும், வருவதற்கு நாள் எடுக்கும். இது கண்முன்னே வந்தது. ஈரக்கால் பட்ட தடம் தரையில் காய்ந்து மறைவதைப் பார்த்திருப்பீர்கள், அதையே தலைகீழாக ஓடவிட்டுப் பார்த்தால் எப்படி இருக்கும், அப்படி. முதலில் குதிக்கால், பிறகு பாதம், பிறகு விரல்கள். அதற்கு அடுத்தது, அதற்கும் அடுத்தது. கதவடியிலிருந்து உள்சுவர்வரை, அவசரமில்லாமல் ஆறுதலாக நடந்து போன ஒரு மனுஷனின் வெறுங்கால். இடது காலில் சின்ன விரல் இல்லை.

நம்பினால் நம்புங்கள், நான் செய்த முதல் வேலை கம்பிக்குள்ளால் கையை விட்டு அந்த வெள்ளையைத் தொட்டு நாக்கில் வைத்ததுதான். உப்பளத்துப் பிள்ளைக்கு வேறு என்ன தெரியும்? கல்லில் பூக்கிற உப்பு கசக்கும். இது கசக்கவில்லை. கறிக்குப் போடுகிற உப்பு, வெயில் நன்றாக எறிக்கிற காலத்தில் பாத்தியில் முதலில் வாருகிற நல்ல உப்பு.

மச்சாள் பயப்படவில்லை. அழவும் இல்லை. அந்த விரலில்லாத காலை வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றார்.

“வந்திட்டார்” என்றார்.

அவ்வளவுதான். சந்தோஷமாகச் சொன்னார் என்று சொல்ல ஆசைதான், ஆனால் அது சந்தோஷமில்லை. இத்தனை வருஷம் பிடித்துக்கொண்டிருந்த கயிற்றைக் கை விட்டுவிட்ட ஆளின் குரல் அது. ஜெனி சின்னப்பிள்ளையாக இருந்த நாளிலிருந்து எங்களில் யாருக்கும் வாயால் சொல்லத் துணிவில்லாததை, அண்ணா செத்துப்போனார் என்பதை, ஒரு தரைக்கல் சொல்லிவிட்டது.

திரும்புகிற நேரம்தான் அது நடந்தது. செத்தவீட்டுக்குப் போனால் சொல்லாமல்தான் எழும்பி வருவோம், சேமக்காலையிலும் அப்படித்தான், வாறன் என்ற சொல்லை அங்கே வாய் தவறியும் விடமாட்டோம். மச்சாளுக்கு அது தெரியாததா? ஆனால் கட்டின மனுஷனை முன்னால் கண்ட பழக்கதோஷம், என் கையைப் பிடித்துக்கொண்டு திரும்பும்போது சொல்லிவிட்டார்.

“போட்டு வாறன் அப்பா.”

சொன்ன பிறகுதான் அவருக்கும் விளங்கியது. என்னைப் பார்த்தார், நான் கேட்காத மாதிரி நடந்தேன்.

அடுத்தநாள் நிக்கோ வந்து கதவைத் திறந்தார், தடங்கள் அப்படியே இருந்தன. உப்புப் பூத்திருக்கிறது என்றேன். பழைய கல் அப்படித்தான், நாளைக்குள் கழுவிவிடு என்றார். ஆள் பாதத்தைக் கண்டாரா இல்லையா என்று எனக்குத் தெரியாது, கேட்கவும் பயமாக இருந்தது. கழுவினேன்.

டிசம்பரில், நத்தாருக்கு முன்பே மச்சாள் போய்விட்டார். வெரிபீப் பக்கம் உள்ள சேமக்காலையில் கத்தோலிக்கப் பகுதியில் அடக்கம் செய்தோம், நல்ல இடம், பக்கத்தில் ஒரு மரமும் இருக்கிறது. அந்தப் பூசையில்தான் அண்ணாவின் பேரையும் மரித்தவர்களோடு சேர்த்து முதல்தடவை வாசித்தார்கள். எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன்.

அடுத்த நவம்பரில் கழுவப் போனேன். உள்ளே அண்ணாவின் கால் இருந்தது. ஆனால் போனமுறை மாதிரி உள்ளுக்குப் போகவில்லை, சுவரிலிருந்து கதவுக்கு வந்து நின்றது, விரல்கள் வெளியே பார்த்தபடி. கதவுக்கு வெளியே, மச்சாள் மெழுகுதிரி வைத்த அதே படியில், இன்னொரு சோடி. சின்னப் பாதங்கள், விரல்கள் உள்ளே பார்த்தபடி. வாறன் என்று சொன்ன மச்சாள் சொன்னபடியே வந்திருந்தார். நடுவில் இரும்புக் கம்பி.

அப்போதுதான் நிக்கோவின் பகிடி எனக்கு உறைத்தது. அங்கத்தவர் மட்டும். அண்ணா சங்கத்து ஆள், எந்த நாட்டுச் சங்கம் என்று உள்ளே இருப்பவர்கள் கேட்கவில்லை போலிருக்கிறது. மச்சாள் எந்தச் சங்கத்திலும் இருந்ததில்லை. படத்தைப் பிடித்துக்கொண்டு றோட்டில் நின்ற அந்தப் பெண்களுக்குச் சங்கம் என்று ஒரு பேர் இருந்ததா, சந்தாத் துண்டு இருந்ததா, கொடி இருந்ததா? அதைவிடப் பெரிய போராட்டம் உள்ளே கிடக்கிற யார் நடத்தினார்கள் என்று எனக்கு வந்த கோபத்தில் அந்தக் கல்லை உதைத்தேன், வலித்தது எனக்குத்தான்.

அன்றைக்கு நிக்கோவிடம் கெஞ்சித் திறப்பை வாங்கினேன். கதவை அகலத் திறந்து ஒரு வாளியை முட்டுக்கொடுத்துவிட்டு, வானில் போய் முதுகைக் காட்டிக்கொண்டு சாப்பாட்டுப் பெட்டியை மடியில் வைத்திருந்தேன். போதுமான நேரம் கொடுத்துவிட்டேன் என்று மனம் சொன்ன பிறகுதான் திரும்பி வந்தேன். நின்ற இடத்தில் நின்றார்கள். கதவு திறந்து கிடந்தது, அவர் வெளியே வரவில்லை, இவர் உள்ளே போகவில்லை.

சங்கத்து ஆட்கள் வருவதற்குள் துப்புரவாக இருக்கவேண்டும். முழங்காலில் இருந்து இரண்டையும் தேய்த்துக் கழுவினேன். அதற்குப் பிறகு வருகிற ஒவ்வொரு நவம்பரிலும் கதவைத் திறந்துவிடுகிறேன், காத்திருக்கிறேன், கழுவுகிறேன். ஜெனியிடம் இன்னும் சொல்லவில்லை. சொல்லி அவள் என்ன செய்வது?

ஒன்றை மட்டும் என்னால் மறக்க முடியவில்லை. வெளியே இருக்கிற அந்தச் சின்னப் பாதங்களில் விரல்கள் மெல்லிசாகத்தான் பூக்கின்றன, குதிக்கால் மட்டும் தடிப்பாக, தேய்த்தாலும் இலேசில் போகாமல் பதிந்திருக்கிறது. றோட்டோரம் நாள்முழுக்க நின்றுவிட்டு வருகிற நாட்களில் மச்சாள் வெந்நீரில் கால் வைத்துக்கொண்டு, குதிதான் தம்பி விண்விண்ணெண்டு வலிக்குது என்பார். போன நவம்பரில் அது இன்னும் தடிப்பாக இருந்தது.