முதல் கேள்வி தங்கிய இடம்

நடந்தவை, நடந்த வரிசையில்:

1. கம்பத்துக்கும் உத்தமபாளையத்துக்கும் நடுவே இருக்கும் திராட்சை ஷெட்டில் ஏலம் கூறும் வேலை என் சின்னம்மாவுக்குக் கிடைத்தது.
2. மலைக்கு அந்தப் பக்கம் கேரளத்தில் இருக்கும் வியாபாரிகள் அவரவர் கடையில் இருந்தபடியே போனில் ஏலம் பார்க்கவும் கேட்கவும் நான் ஓர் ஏற்பாடு செய்து கொடுத்தேன்.
3. ஆட்கள் கூடக்கூட அது திணறியது.
4. லினக்ஸ் கர்னலில் சில வருடங்களாக இருக்கும் ஒரு வசதியை வைத்து அதைச் சரிசெய்தேன்.
5. சரியான அன்றைக்கே பெரிய வியாபாரி ஒருவர் கோபித்துக்கொண்டார்.
6. அவர் கோபித்துக்கொண்டதால் மிச்சமும் சரியானது.

ஆறாவதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். ஆனால் ஒன்றிலிருந்து தொடங்கினால்தான் எனக்கு எழுத வரும்.

சின்னம்மா அந்த ஷெட்டில் பல வருடங்களாக எடை மேசையில் இருந்தவர். டிரே டிரேயாகப் பன்னீர் திராட்சை வந்து இறங்கும். அவர் எடையைச் சத்தமாகச் சொல்வார். மேல்காற்று தகரக் கூரையைப் போட்டு அடிக்கும் மாதங்களில்கூட, அவர் சொல்லும் எடை ரோட்டில் நிற்கும் லாரி டிரைவருக்குக் கேட்கும். பழைய ஏலக்காரர் கோயம்புத்தூரில் இருக்கும் தன் மகன் வீட்டுக்கே போய்விட்ட பிறகு, அடுத்து யார் என்று விவசாயிகள் கூடிப் பேசினார்கள். சின்னம்மா எழுந்து, "நான் கூறுறேன்" என்றார். சிரித்தார்கள்.

"சிரிக்கிறவுக சிரிச்சு முடிங்க. குமுளிக்காரக, கட்டப்பனைக்காரக அம்புட்டுப் பேரையும் நான் ஏலத்துக்குக் கொண்டாறேன். இங்கன நாலு பேரு கேக்குறதும் நாப்பது பேரு கேக்குறதும் ஒண்ணா?"

விவசாயிகளின் தலைவர் கொஞ்சம் யோசித்தார். "கொண்டாந்தா நீயே கூறு தாயி. வரலைன்னா எடை மேசை அங்கனயேதான் இருக்கு."

அன்று மாலையே சின்னம்மா எனக்குப் போன் செய்தார். நான் தேனியில் வீட்டிலிருந்தே ஒரு சென்னைக் கம்பெனிக்கு வேலை செய்கிறேன். "ஏ ஆத்தா, நீ கம்ப்யூட்டர்ல ஒரு பக்கமிருந்து வாங்கி இன்னொரு பக்கம் குடுக்குற வேலைதான பாக்குற? அதையே எனக்கும் பண்ணிக் குடு" என்றார். என் வேலையை இவ்வளவு சுருக்கமாக என் அலுவலகத்தில் யாரும் சொன்னதில்லை.

சனிக்கிழமை பஸ் ஏறிப் போய் ஏற்பாட்டைச் செய்தேன். ஏல மேடைக்கு மேலே ஒரு கேமரா. மூலையில் டிபன் பாக்ஸ் அளவுக்கு ஒரு சின்னக் கணினி. ஷெட்டில் எல்லோரும் அதைப் பொட்டி என்றார்கள், நானும் பொட்டி என்றே சொல்லப் பழகிவிட்டேன். கேமராவின் படத்தை வாங்கி வியாபாரிகளின் போனுக்கு அனுப்ப வேண்டும். போனில் அவர்கள் அமுக்கும் விலையை வாங்கி மேடையில் இருக்கும் திரைக்கு அனுப்ப வேண்டும். ஏலத்தில் சொல்லும் விலையை இங்கே கேள்வி என்பார்கள். படம் அந்தப் பக்கம், கேள்வி இந்தப் பக்கம். பொட்டிக்கு வேறு வேலை இல்லை.

முதல் வாரம் அழகாக ஓடியது. அப்புறம் செய்தி பரவியது. குமுளியில் ஒருவர் சொல்லி வண்டிப்பெரியாரில் ஒருவர், அவர் சொல்லி இன்னும் பலர் என்று ஆட்கள் சேரச் சேர, படம் பின்தங்க ஆரம்பித்தது. ஷெட்டில் மூணு தரம் சொல்லி, பழம் கைமாறி, டிரேயைத் தூக்கிக்கொண்டு ஆள் போன பிறகு, போனில் சின்னம்மா இன்னும் ரெண்டாம் தரத்துக்கு வாயைத் திறந்துகொண்டிருப்பார். அந்தப் பக்கத்துக் கேள்வி வந்து சேரும்போது இந்தப் பக்கம் ஏலத்துக்கு வைத்த அடுத்த பழத்தொகுதி, அதாவது அடுத்த லாட், பாதி முடிந்திருக்கும்.

சின்னம்மா தனக்குத் தெரிந்த வழியில் சமாளித்தார். ரெண்டு தரம் சொல்லிவிட்டுத் தண்ணீர் குடித்தார். முந்தானையைச் சரிசெய்தார். ஒரு குலையைத் தூக்கி வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"யக்கா, ரெண்டுக்கும் மூணுக்கும் நடுவுல நான் போயி டீ குடிச்சிட்டு வந்துரவா?" என்றார் உள்ளூர் வியாபாரி ஒருவர்.

"போயிட்டு வா. வாரப்ப எனக்கும் ஒண்ணு வாங்கிட்டு வா."

பொட்டி தொட முடியாத அளவுக்குச் சுட்டது. சுமை தூக்கும் அண்ணன் ஒருவர் புறங்கையை அதன்மேல் வைத்துப் பார்த்துவிட்டு, "பாப்பா, இதுக்குக் காச்சல் அடிக்குது, கசாயம் வச்சுக் குடு" என்றார். டேபிள் ஃபேனை அதன் பக்கம் திருப்பி வைத்தோம்.

தலைவர் வந்தார், ஓரமாக நின்று பார்த்தார். கோபமெல்லாம் இல்லை. "அடுத்த வெள்ளிக்கிழம வரைக்கும் பாப்போம் தாயி. அப்பவும் இப்படியே இருந்தா கேமராவக் கழட்டிருவோம். ஏலத்துக்கு வேற ஆளப் பாத்துக்கிருவோம்" என்றார்.

சின்னம்மா தலையை ஆட்டினார். தலைவர் போனதும் என்னைப் பார்த்து, "சாப்பிட்டியா?" என்று மட்டும் கேட்டார். அதற்குமேல் அவர் எனக்கு எதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

பிரச்சினை என்ன என்பதை ஷெட்டை வைத்தே சொல்லிவிடலாம். ஒரு டெம்போவில் டிரேக்கள் வருகின்றன. அவற்றை இன்னொரு லாரியில் ஏற்ற வேண்டும். ஒவ்வொரு டிரேயையும் இறக்கி, உள்ளே ஆபீஸ் அறைவரை கொண்டுபோய், மேசையில் வைத்து, மறுபடி தூக்கி வெளியே கொண்டுவந்து ஏற்றினால் எப்படி இருக்கும்? என் நிரல் அதைத்தான் செய்துகொண்டிருந்தது. இணையத்திலிருந்து வரும் எதுவும் முதலில் கர்னலின் கைக்குத்தான் வரும். கணினியின் அடிப்படை மென்பொருள் அதுதான். ஒவ்வொரு போனுக்கும் அது ஒரு வாசல் வைத்திருக்கிறது, அந்த வாசலுக்குப் பெயர் சாக்கெட். வாசலுக்கு வந்ததை என் நிரல் உள்ளே வாங்கி, ஒன்றும் செய்யாமல், அப்படியே அடுத்த வாசலுக்குத் திருப்பிக் கொடுத்தது. பழம் நசுங்கவில்லை, அவ்வளவுதான். ஆள் களைத்துப் போனான்.

டெம்போவையும் லாரியையும் பின்பக்கம் பின்பக்கமாக நிறுத்தி, கைக்குக் கை மாற்றிவிட்டால் ஆபீஸ் அறைக்கே வேலையில்லை. கர்னலில் சில வருடங்களாக அதற்கு வழி இருக்கிறது. சாக்மேப் என்று பெயர். இரண்டு வாசல்களை ஒரு பட்டியலில் சேர்த்து, இதில் வருவதை அதில் விடு என்று ஒரு சின்னஞ்சிறு நிரலைக் கர்னலுக்குள்ளேயே வைத்துவிட்டால் போதும். அதன்பிறகு என் நிரல் ஓரமாக உட்கார்ந்திருக்கலாம்.

எழுதினேன். சோதித்துப் பார்க்க அம்மாவை உட்காரவைத்தேன். அம்மா எங்கள் வீட்டுக் கூடத்தில் போனை வைத்துக்கொண்டு வியாபாரியாக மாறினார். விலையை ஏற்றினார், ஏற்றினார், ஏற்றிக்கொண்டே இருந்தார்.

"அம்மா, வேற யாருமே கேக்கல. உங்க கேள்விய நீங்களே ஏத்திக்கிட்டு இருக்கீங்க."

"இருக்கட்டும் ஆத்தா. நல்ல பழம்ல?"

எல்லாம் உடனுக்குடன் வந்து சேர்ந்தது. போலி வியாபாரிகளாக நடிக்கும் ஒரு நிரலையும் ஓடவிட்டேன். அதுவும் மூச்சுவிடாமல் கேட்டது, எல்லாம் வந்தது. பொட்டி குளிர்ந்து கிடந்தது.

புதன்கிழமை ஏலத்தில் அதை வைத்தோம். சின்னம்மாவின் உதடும் குரலும் போனில் ஒன்றாக அசைந்தன. வண்டிப்பெரியார்க்காரர் ஒருவர் மூணாம் தரத்துக்கு ஒரு நொடி முன்னால் உள்ளூர்க்காரரை மிஞ்சினார். ஷெட்டில் ஓ என்று சத்தம் எழுந்தது. சுமை தூக்கும் அண்ணன் ஃபேனைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டு கண்ணை மூடினார். நான் மேடைக்குப் பின்னால் டிரேமேல் உட்கார்ந்து திராட்சை தின்றேன். வாழ்க்கையில் சில மணி நேரங்கள் அப்படி அமையும்.

அப்போது சின்னம்மாவின் போன் அடித்தது. பாய்.

அவரை அறிமுகப்படுத்த வேண்டும். கம்பத்துக்காரர், ராவுத்தர் குடும்பம், மலைக்கு மேலே மூன்று ஊர்களில் பழக்கடை. அந்தப் பக்கத்து வியாபாரிகள் எங்கள் ஏலத்துக்கு வந்ததே அவரைப் பார்த்துத்தான். அவர் போனால் அவர்களும் போவார்கள். அவர் ஏலம் கேட்கும் விதம் தனி. மற்றவர்கள் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுவார்கள். பாய் லாட் திறந்த உடனே, தனக்குக் கட்டுப்படியாகிற விலை எதுவோ அதைச் சொல்லிவிடுவார். அப்புறம் கையைக் கட்டிக்கொள்வார். யார் மிஞ்சினாலும் சரி, மறுகேள்வி கிடையாது. இந்தப் பக்கத்துப் பழைய வியாபாரிகள் பலருக்கு அது ஒரு கௌரவம். சொன்ன விலையைத் தானே மாற்றுவது அவர்களுக்குக் கூச்சம்.

சின்னம்மா போனை ஸ்பீக்கரில் போட்டார்.

"என்ன தங்கச்சி, எங் கேள்வி மட்டும் உங்க கண்ணுக்குத் தெரியலையா?"

"எந்தக் கேள்வி பாய்? காலையிலருந்து உங்க பேருல ஒண்ணுமே வரலையே."

"ஒவ்வொரு லாட்டுக்கும் போட்டேன்."

"போட்டிருந்தா நான் கூறாம இருப்பனா?"

"அப்ப நான் பொய் சொல்றேனா?"

தலைவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். சின்னம்மாவின் முகத்தில் நான் அதுவரை பார்க்காத ஒரு வெளிறல்.

"முடிஞ்சுபோன லாட்டுதான், பரவாயில்ல. இப்ப இன்னொரு தடவ அமுக்குறேன். எல்லாரும் பாத்துக்கங்க" என்றார் பாய்.

அமுக்கினார். திரையில் அவர் பெயரில் இரண்டு வரிகள் வந்து விழுந்தன. ஒன்று இல்லை, இரண்டு. ஒரே விலை. முதல் வரியில் அவர் போன் குறித்திருந்த நேரம், சின்னம்மா அந்த லாட்டுக்கு முதல் தரம் சொல்வதற்கும் முன்னால்.

நான் டிரேயிலிருந்து எழுந்து கத்தினேன். "பாய், நீங்க சொல்றது சரி! முதல்ல அமுக்குனது இப்பத்தான் வந்துச்சு. ரெண்டும் சேந்து வந்துச்சு."

"இம்புட்டு நேரம் எங்க இருந்துச்சு மோளே?"

"பொட்டி வாசல்லயே நின்னுக்கிட்டு இருந்துருக்கு பாய். பின்னாடி ஒண்ணு வந்து தள்ளுனாத்தான் உள்ள வருது."

"அப்ப உங்க பொட்டிக்கு ரெண்டாம் தடவ சொன்னாத்தான் காது கேக்குமா? எம் மருமகப்பிள்ள மாதிரியில்ல இருக்கு!" என்றார் பாய். ஷெட்டே சிரித்தது. சின்னம்மா மேடைமேல் உட்கார்ந்துவிட்டார்.

நடந்தது இதுதான். ஒவ்வொரு லாட்டுக்கும் போன் புதிதாக ஒரு வாசலைத் திறக்கிறது. அதைப் பட்டியலில் சேர்க்க என் நிரலுக்குக் கண்ணிமைக்கும் நேரம் ஆகிறது. லாட் திறந்த கணமே பாய் அமுக்கிவிடுவதால், அவர் கேள்வி பட்டியலில் சேரும் முன்பே வாசலுக்கு வந்துவிடுகிறது. பட்டியலில் சேர்ந்த பிறகு புதிதாக ஏதாவது வந்தால்தான் கர்னல் அந்த வாசலைத் திரும்பிப் பார்க்கிறது. அப்போது பழையதும் சேர்ந்து போய்விடும். மற்றவர்கள் ஏற்றிக்கொண்டே இருந்ததால் அவர்களுக்கு எதுவும் தெரியவில்லை. என் அம்மாவுக்கும் தெரியவில்லை. ஒரே தடவை சொல்லிவிட்டுக் கையைக் கட்டிக்கொள்ளும் ஒரு மனிதர் வந்தபோதுதான் தெரிந்தது.

"பாய், இன்னைக்கு ஒரு நாளைக்கு மட்டும் ரெண்டு ரெண்டு தடவ அமுக்கிருங்க" என்றார் சின்னம்மா.

"அது மட்டும் நடக்காது தங்கச்சி."

"சரி, போன்ல வாயால சொல்லுங்க. நான் கூறுறேன்."

மிச்ச லாட்டெல்லாம் அப்படியே போயிற்று.

வியாழக்கிழமை உட்கார்ந்து சரிசெய்தேன். வாசலில் ஏற்கெனவே காத்திருப்பதை என் நிரலே எடுத்துக் கொடுத்துவிடலாம் என்று முதலில் நினைத்தேன். ஆனால் எடுப்பதற்கும் பட்டியலில் சேர்ப்பதற்கும் இடையில் இன்னொன்று வந்து நின்றுவிட்டால் அதே கதைதான். வேறு வழி எளிதாக இருந்தது. ஒருவர் வீட்டு வாசலுக்கு வந்தால், உள்ளே இருப்பவர் வாங்க என்று சொல்லும்வரை யாரும் வந்த காரியத்தைப் பேசமாட்டார்கள். என் பொட்டி யாரையும் வாங்க என்று சொல்லவில்லை. இப்போது சொல்கிறது. வாசல் பட்டியலில் சேர்ந்த பிறகு பொட்டி போனுக்கு அந்த ஒரு சொல்லை அனுப்பும். அது வந்த பிறகுதான் போனில் விலை அமுக்கும் பட்டன் பச்சையாகும். காத்திருப்பது யாருக்கும் தெரியாத அளவு நேரம்தான்.

வெள்ளிக்கிழமை தலைவர் முதல் லாட்டுக்கு முன்பே வந்து மேடையருகில் நாற்காலி போட்டுக்கொண்டார். சின்னம்மா புதுப் புடவை கட்டியிருந்தார்; ஏன் என்று யாரும் கேட்கவில்லை. லாட் திறந்தது. திரையில் பாயின் பெயர், ஒரே வரி.

"பாய் கேட்டிருக்காக! ஒரு தரம்!"

உள்ளூர்க்காரர்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள்.

"ரெண்டு தரம்! மூணு தரம்!"

"யக்கா, மூச்சு விடவாவது நேரம் குடு!" என்றார் டீ குடிக்கப் போகக் கேட்டவர்.

"டீக்கடையிலயே இருந்திருக்க வேண்டியதுதான" என்றார் சின்னம்மா, அடுத்த குலையைத் தூக்கியபடி.

அன்று எல்லாப் பழமும் மதியச் சாப்பாட்டுக்கு முன்பே விற்றுப் போனது. தலைவர் கிளம்பும்போது, "கேமரா இருக்கட்டும் தாயி. நீயே கூறு" என்றார். இரண்டடி போய்த் திரும்பி என்னிடம், "பெரியகுளத்துல எஞ் சம்பந்திக்கு மாந்தோப்பு இருக்கு. மாம்பழத்துக்கும் இது ஆகுமா?" என்று கேட்டார். ஆகும் என்றேன்.

இப்போதைய நிலை: வாரம் மூன்று நாள் ஏலம் நடக்கிறது, சின்னம்மாதான் கூறுகிறார். பாய் லாட்டுக்கு ஒரு கேள்விதான் போடுகிறார், அது வந்து சேர்கிறது. கரண்ட் போனால் பொட்டி நின்றுவிடும்; அதற்கு இன்னும் ஒன்றும் செய்யவில்லை.