வலது கரைப் பாம்புகள்

எங்கள் பிரெஞ்சு மலைக்கிராமம் மோர்சலாக்கில் பார்ப்பதற்கு என்ன இருக்கிறது என்று மட்டும் ஃபிர்மேனிடம் கேட்டுவிடாதீர்கள். கோடை முழுக்க அவருக்கு அதே கேள்விதான். தக்காளிச் செடிக்குக் குச்சி நட்டுக்கொண்டிருக்கும் மனிதரை வேலிக்கு அந்தப் பக்கம் நின்று கூப்பிட்டு, அருவி எங்கே, கழுகுப் பாறை எங்கே, கழிவறை எங்கே என்று கேட்பார்கள். ஆகஸ்டில் அருவி என்பது குழாயில் விழுகிற அளவுக்குத் தண்ணீர், அவ்வளவுதான். அதைப் போய்ப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்து அவரிடமே குறைப்பட்டுக்கொள்வார்கள், ஏதோ அவர்தான் ஊற்றை அடைத்து வைத்தது மாதிரி.

"நான் என்ன பண்ணட்டும்? மேல ஏறி நின்னு வாளியில ஊத்தட்டுமா?" என்பார் ஃபிர்மேன்.

அவர் பள்ளிக்கூடப் பேருந்து ஓட்டி ஓய்வுபெற்றவர். இந்த மலைப்பக்கத்துப் பிள்ளைகளின் வாந்தியையும் சண்டையையும் முப்பது வருடம் சகித்ததில் இருந்த பொறுமையெல்லாம் தீர்ந்துவிட்டது. வீட்டில் மனைவி லூசெட், ஒரு நாய், இரண்டு முட்டியிலும் வலி. மகள் மதில்த் கல்யாணமாகி லியோனில் இருக்கிறாள். கொட்டகைக் கதவுக்கு எதிரே காரை நிறுத்தாதீர்கள் என்று பலகை எழுதி மாட்டினார். அழகான பலகை என்று அதையும் படம் பிடித்துக்கொண்டு, காரை அங்கேயே நிறுத்திவிட்டுப் போனார்கள். இந்த ஜனங்களிடம் என்னதான் செய்வது?

இத்தனை எரிச்சலுக்கும் நடுவே அவருக்கு ஒரே ஒரு ஆறுதல் உண்டு. கோடையின் கடைசியில் நல்ல மழை பெய்து, அடுத்த நாளே வெயிலும் அடித்தால், காட்டில் செப் காளான் முளைக்கும். தடித்த வெள்ளைத் தண்டு, பழுப்புத் தொப்பி. வெண்ணெயில் பூண்டு போட்டு வதக்கினால் தெருவே மணக்கும். ஆனால் அது எங்கே முளைக்கிறது என்பதை எங்கள் ஊரில் யாரும் யாரிடமும் சொல்வதில்லை. பாதிரியாரிடம் பாவமன்னிப்புக் கேட்கும்போதும் அதை மட்டும் விட்டுவிடுவோம். கிழக்கே போக வேண்டியவன் காரை மேற்கே நிறுத்திவிட்டுக் காட்டைச் சுற்றிக்கொண்டு போவான். திரும்பும்போது கூடைமேல் பெரணி இலை போட்டு மூடிக்கொள்வான். அடுத்தவர் இடம் தற்செயலாகக் கண்ணில் பட்டுவிட்டால், பார்க்காதது போல வந்துவிட வேண்டும். அங்கே கை வைப்பவன் திருடன்.

ஃபிர்மேனின் அப்பாகூட அவரிடம் சொல்லவில்லை. மரணப் படுக்கையில் காதோரம் குனிந்து, "எங்கப்பா அந்த இடம்?" என்று கேட்டதற்கு, "காட்டுல" என்று சொல்லிவிட்டுக் கண்ணை மூடினார் மனுஷன். அதன் பிறகு ஃபிர்மேன் தேடித் தேடி அலைந்து, பல வருடம் கழித்துக் கண்டுபிடித்தார். ஓடையின் வலது கரை, கழுகுப் பாறைக்குக் கீழே மூன்று ஓக் மரங்கள். அவருடைய வாழ்க்கையில் யாரும் கொடுக்காமல் தானாகச் சம்பாதித்தது அது ஒன்றுதான் என்று அவருக்கு நினைப்பு.

லூசெட்டுக்கும் சொந்தமாக ஓர் இடம் உண்டு. காளான் காலத்துக் காலையில் இவர் முன்வாசல் வழியாகப் போவார், அவள் பின்வாசல் வழியாகப் போவாள். மதியம் இரண்டு கூடையும் ஒரே மேஜைக்கு வரும். எங்கே என்று இவரும் கேட்டதில்லை, அவளும் கேட்டதில்லை. கல்யாணம் ஆன நாளிலிருந்து இப்படித்தான்.

இந்த நிலையில்தான் ஜூன் மாதம் மேயர் மதாம் பெர்தோனி ஊரைக் கூட்டினார். நல்ல பெண்மணி, ஆனால் வரைபடப் பைத்தியம். சுவரில் பெரிய வரைபடத்தைக் காட்டி, அருவியிலிருந்து கழுகுப் பாறைவரை சுற்றுலாக்காரர்களுக்குப் புது நடைபாதை என்றார். சிவப்புக் கோடு ஓடையின் வலது கரையிலேயே ஏறி, மூன்று ஓக் மரங்களின் வேர்மேல் போய் நின்றது. ஃபிர்மேனுக்கு ஒயின் புரையேறிவிட்டது.

"மேயரம்மா, அந்தப் பக்கம் பாம்பு!" என்று எழுந்தார்.

"பாம்பு எல்லாப் பக்கமும் இருக்கு, முசியே ஃபிர்மேன்."

"இது விரியன். கூட்டம் கூட்டமா படுத்துக் கெடக்கும்."

"எச்சரிக்கைப் பலகை வெச்சிடலாம்."

"பாறை உருளும்!"

"பொறியாளர் வந்து பார்த்தாச்சு. ஒண்ணும் உருளாதுன்னுட்டார்."

"குளவிக் கூடு! ஒவ்வொண்ணும் பூசணிக்கா அளவு!"

பின்வரிசையிலிருந்து வேட்டைக்கார அனிசே குரல் கொடுத்தார். "ஏம்ப்பா ஃபிர்மேன், டூரிஸ்டு மேல உனக்கு எப்பலேருந்து இந்தப் பாசம்? போன வாரம்தானே ஒருத்தன் டயர்ல காத்தைப் பிடுங்கி விட்டே?"

கூட்டம் சிரித்தது. ஃபிர்மேன் மாட்டிக்கொண்டார். காரணத்தைச் சொன்னால் இடம் போய்விடும், சொல்லாவிட்டாலும் போய்விடும். யோசிக்க நேரமில்லாமல் வாயில் வந்ததைச் சொன்னார்: "பாதையை இடது கரையில போடுங்க. நல்ல நிழல். நானே வெட்டிச் சீர்பண்ணித் தரேன். சும்மாவே!"

சும்மா என்றதும் மேயர் முகம் மலர்ந்தது. எல்லோரும் கை தூக்கினார்கள், கை தட்டினார்கள். லூசெட் மட்டும் தட்டவில்லை. கையிலிருந்த கோப்பையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

அன்று முதல் வீட்டில் பேச்சே இல்லை. தட்டை மேஜையில் வைக்கிற சத்தத்தில் நாய் எழுந்து வெளியே போய்விடும்.

"என்னதான் உன் பிரச்சனை?" என்று கேட்டார் ஃபிர்மேன்.

"ராத்திரியெல்லாம் முட்டியப் பிடிச்சுக்கிட்டு முனகறவரு காடு வெட்டப் போறாராம். போ, நல்லா வெட்டு."

ஓகோ, முட்டியை நினைத்துக் கவலைப்படுகிறாள் என்று முடிவுகட்டினார். பேருந்துக் கண்ணாடியில் பின்னால் வருவதையெல்லாம் பார்க்கத் தெரிந்த மனிதருக்குப் பக்கத்தில் இருப்பது தெரியவில்லை.

ஜூலை முழுக்க முட்செடி வெட்டினார், கல் புரட்டினார், மரத்துக்கு மரம் மஞ்சள் அடையாளம் அடித்தார். ஆகஸ்ட் நடுவில் இடியோடு மழை கொட்டியது. மூன்றாம் நாள் பாதை எப்படி இருக்கிறது என்று பார்க்க ஏறினார். பாதி வழியில், பீச் என்கிற காட்டு மரங்கள் நிற்கும் சரிவில் கால் நின்றுவிட்டது.

செப். ஒன்றா இரண்டா! சருகைத் தூக்கிக்கொண்டு வரிசையாக நின்றன. அவற்றுக்கு நடுவே காலையில் யாரோ அறுத்துப் போன அடித்தண்டுகள். குனிந்து பார்த்தார். வெட்டு எல்லாம் எதிர்ப்பக்கமாகச் சாய்ந்திருந்தது. இந்த ஊரில் இடது கையால் கத்தி பிடிக்கிறவள் ஒருத்திதான். வீட்டில் அவள் அறுக்கிற ரொட்டியும் இப்படித்தான் சாய்ந்து நிற்கும்.

நிமிர்ந்தால் எதிரே பீச் மரத்தில் அவர் அடித்த மஞ்சள் பெயிண்ட். அவர் வெட்டிய பாதை அவள் இடத்தின் நட்ட நடுவே போய்க்கொண்டிருந்தது.

முதலில் கோபம் அவள்மேல்தான் வந்தது. "சொல்லித் தொலைச்சிருக்கலாமே, மகராசி!" என்று காட்டுக்குள் கத்தினார். கத்திய பிறகுதான் எப்படிச் சொல்லியிருப்பாள் என்று உறைத்தது. தனக்கு அடைத்த வாய்தானே அவளுக்கும் அடைத்திருக்கும். சனிக்கிழமை திறப்புவிழா. அப்புறம் ஐஸ்கிரீமும் நாய்க்குட்டியுமாக உலகமே இந்தச் சரிவில் நடக்கும்.

ஃபிர்மேன் காளானை எல்லாம் சருகு போட்டு மூடினார். மரத்திலிருந்த மஞ்சளைக் கத்தியால் சுரண்டினார். வெட்டிப்போட்ட முட்செடிகளைத் திரும்ப இழுத்து வந்து பாதையை அடைத்தார். ஒரு மாத வேலையைத் தன் கையாலேயே குலைத்துவிட்டு, வழியெல்லாம் தன்னையே திட்டிக்கொண்டு நேரே மேயர் அலுவலகத்துக்குப் போனார். போதாத காலம், அனிசேயும் அங்கே ஏதோ வேலையாக நின்றுகொண்டிருந்தார்.

"மேயரம்மா, பாதை வலது கரையிலேயே இருக்கட்டும்."

மதாம் பெர்தோனி பேனாவைக் கீழே போட்டார். "சனிக்கிழமை திறப்புவிழா! வலது கரையில பாம்புன்னீங்களே?"

"போயிடுச்சு."

"எங்க போயிடுச்சு?"

"என்கிட்ட சொல்லிட்டா போகும்?"

"பாறை உருளும்னீங்க!"

"உருள வேண்டியது உருண்டாச்சு."

"பூசணிக்கா அளவு குளவிக் கூடு?"

ஃபிர்மேன் தொப்பியைக் கழற்றினார். "கூடும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல, மதாம். பொய் சொன்னேன். வலது கரையில போடுங்க. அதையும் நானே வெட்டித் தரேன்."

மேயர் விழாத் தேதியை அடித்துவிட்டு வரைபடத்தை மறுபடி விரித்தார். அனிசே ஃபிர்மேனையே பார்த்துக்கொண்டிருந்தார். மெல்ல அவர் முகத்தில் ஒரு சிரிப்பு பரவியது. "அட கில்லாடி! ஓக் மரமா? பாறைக்குக் கீழயா?"

சாயங்காலம் காபிக்கடையில் இதுதான் பேச்சு. பாதைக்கென்று விட்டுக்கொடுத்த இடம் இனி யாருக்கும் சொந்தமில்லை; பாதை வந்து மிதிக்கும் முன்பே ஊர் வந்து அள்ளிவிடும். ஃபிர்மேன் யாரிடமும் சண்டைக்குப் போகவில்லை. தலையைக் குனிந்துகொண்டு வீட்டுக்கு வந்தார்.

லூசெட்டுக்கு அதற்குள் சேதி வந்திருந்தது. அடுப்புப் பக்கம் திரும்பி நின்றபடியே கேட்டாள்.

"எதுக்கு மாத்தினே?"

"இடது கரை ஈரம். வழுக்குது."

"பொய் சொல்லாத. பார்த்துட்டே."

ஃபிர்மேன் தொப்பியை ஆணியில் மாட்டினார்.

"எத்தனை எடுத்தே?"

"ஒண்ணுகூட எடுக்கல. மூடி வெச்சுட்டு வந்தேன்."

அவள் சட்டியைக் கிளறிக்கொண்டே சொன்னாள்: "மூணு ஓக் மரம். மதில்த் பிறந்த வருஷத்துலேருந்து எனக்குத் தெரியும். அப்ப இருந்த நாய் கொரைச்சுக் காட்டிக் குடுத்துடுச்சு. நீ முட்டி போட்டு உக்காந்திருந்தே. அப்படியே திரும்பி வந்துட்டேன். அப்புறம் அந்தப் பக்கம் கால் வெச்சதில்ல."

ஃபிர்மேனுக்குத் தூக்கிவாரிப் போட்டது. "தெரிஞ்சுமா? அப்ப அன்னிக்குக் கூட்டத்துல வாயத் திறந்திருக்கலாம்ல! இடது கரை வேண்டாம்னு ஒரு வார்த்தை சொல்றதுக்கு என்ன?"

"சொன்னா கோடு எங்க போகும்? உன் மரத்து மேலதான். பாம்பு, குளவின்னு நீ உளறினதப் பார்த்தப்பவே தெரிஞ்சுபோச்சு, அது போனா நீ தாங்கமாட்டேன்னு. என்னோடது போகட்டும்னு இருந்துட்டேன்."

"மனசாரத்தானே விட்டுக் குடுத்தே? அப்புறம் எதுக்குடி ரெண்டு மாசமா மூஞ்சியத் தூக்கி வெச்சுக்கிட்டு என் உயிரை வாங்கினே?"

லூசெட் கரண்டியோடு திரும்பினாள். கண் சிவந்திருந்தது.

"விட்டுக் குடுத்தா கோபம் வரக் கூடாதுன்னு எந்த ஊர்ல சட்டம்?"

ஃபிர்மேன் நாற்காலியை அவள் பக்கமாக இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.