காற்றில் கழுவிய கைகள்

துறைமுகத்துக்கு அருகிலுள்ள பேருந்து நிலையத்தில், காலை ஒன்பதே காலுக்கு அந்தப் பெண்மணி என் பக்கத்தில் அமர்ந்தார். நரைத்த கொண்டை, மடிப்புக் கலையாத சேலை, கையில் எழுதிய தாள்கள். ஒரு வரியை வாசிப்பார், எழும்பி நாலடி நடப்பார், திரும்பி வந்து அதே வரியை வாசிப்பார். என்னிடம் விசாரித்திருந்த லிங்கநகர் பேருந்து வந்தும் ஏறவில்லை.

"உங்கட பஸ் போகுது மிஸ்" என்றேன்.

"போகட்டும்."

பிறகு அவரே கதையைச் சொன்னார். ஆசிரியர்களைப் பயிற்றுவிக்கும் விரிவுரையாளர் அவர். ஐம்பது வயதுக்குமேல் உலக சுகாதாரம் படிக்கத் தொடங்கியிருந்தார். காரணம் ஒரு வகுப்பு.

ஈச்சிலம்பற்றுப் பள்ளிக்கூடத்தில், ஆசிரியப் பயிற்சியில் இருந்த அவருடைய மாணவி கை கழுவும் பாடம் நடத்தினாள். பிள்ளைகள் பாட்டுப் பாடிக் காற்றிலேயே கைகளைத் தேய்த்தார்கள். பார்வையிட்ட இவர் மாணவிக்கு முழுப் புள்ளி போட்டார். இடைவேளையில் ஒரு சிறுமி மண் கையோடு சோறு பிசைந்தாள்.

"கழுவேல்லையோ எண்டன். 'வகுப்பிலை கழுவிட்டன் டீச்சர்' எண்டாள்."

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

"உடனை என்ர மாணவியின்ர புள்ளியை வெட்டிப்போட்டன். இப்ப, உங்கட பிழை ஒண்டை எழுதுங்கோ எண்டு இந்தப் படிப்பிலை முதல் கட்டுரை. இண்டைக்கு நாலு மணிக்குள்ளை அனுப்பவேணும். அவள் பிழையாப் படிப்பிச்சாள் எண்டு எழுதி வைச்சிருக்கிறன்."

"அப்பிடிப் படிப்பிக்க ஆர் சொல்லிக் குடுத்தது?"

"நான்தான்."

ஈச்சிலம்பற்றுப் பேருந்து வந்தது. அவர் தாள்களைப் பையில் திணித்தார்.

"பிழை உங்கட எண்டு அவளுக்குப் போனிலை சொல்லலாமே? கட்டுரை பிந்திப்போகும்" என்றேன்.

"பிந்தட்டும். போனிலை எண்டால் விரிவுரை நடத்திப்போடுவன்."

பேருந்து ஒன்பது ஐம்பதுக்குப் புறப்பட்டது. இருக்கைகள் காலியாகவே இருந்தன. அவர் நின்றுகொண்டே போனார்.