தாலாட்டு என்று பெயரிட்ட குரல்

ஜெர்மனியின் ஹம் நகரில் வளர்ந்த யதுசா, நமீபியாவை ஆராயும் ஒரு பல்கலைக்கழகக் குழுவில் வேலை செய்தாள். நூறு வருடங்களுக்கு முன் அங்கே பதிவான குரல்களைக் கணினியில் ஏற்றுவது அவள் பொறுப்பு. அவற்றில் அந்நாட்டு ஹெரெரோ இனப் பெண் ஒருத்தியின் குரலுக்கு, பதிவு செய்த ஜெர்மானியர் 'தாலாட்டு' என்று பெயரிட்டிருந்தார். அந்தக் குரல் அவளை விடவில்லை. ரயிலில் போகும்போதும் காதுக்குள் கேட்டது.

வீட்டிலிருந்து வேலை செய்த ஒரு நாள் அதை மீண்டும் போட்டாள். பக்கத்தில் உடுப்பு மடித்துக்கொண்டிருந்த அம்மா சந்திரகாந்தியின் கை நின்றுவிட்டது. இலங்கையின் கடைசிப் போரில் காணாமல் போன தன் தம்பியை அம்மா இன்னும் தேடிக்கொண்டிருந்தாள்.

"நிப்பாட்டு பிள்ளை. இந்த மனிசி ஆரையோ தேடுது."

"தாலாட்டு எண்டுதானே போட்டிருக்கு, அம்மா."

அம்மா எழுந்து போய்விட்டாள்.

அடுத்த வாரம் நமீபியத் தலைநகர் விண்ட்ஹூக்கிலிருந்து வந்த ஹெரெரோ ஆய்வாளருக்கு யதுசா அதைப் போட்டுக் காட்டினாள். அவர் கண்களை மூடிக் கேட்டார்.

"பாலைவனத்தில் தொலைந்துபோன மகனைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறாள்," என்றார்.

யதுசா பழைய தலைப்பை மாற்றி, அந்த மகனின் பெயரைச் சேர்த்தாள். மாலையில் நடந்ததை அம்மாவிடம் சொன்னாள்.

"அந்தப் பிள்ளை பிறகு கிடைச்சதோ?" என்று அம்மா கேட்டாள்.